என் கிட்னி, அவன் கழுத்து

“கொஞ்சம் தண்ணிய வாயில வெச்சுக்கங்க. ம், இப்ப முழுங்குங்க.”

கழுத்தில் வீக்கம் என்று போய் உட்கார்ந்தால் எந்த டாக்டரும் முதலில் சொல்வது இதைத்தான். தைராய்டு சுரப்பி மூச்சுக்குழாயை ஒட்டிக்கொண்டிருப்பதால், விழுங்கும்போது அதுவும் கூடவே ஏறி இறங்குமாம். வீக்கம் ஏறி இறங்கினால் தைராய்டு, அசையாமல் நின்றால் வேறு ஏதோ. என் தம்பி இப்படி எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தான் என்பதற்குக் கணக்கே இல்லை. ஒவ்வொரு முறையும் கண்ணை இறுக்கி மூடி, ஒரு தோளைத் தூக்கி, முள்ளை விழுங்குகிறவன் போல விழுங்குவான். டாக்டர் திருப்தியாகத் தலையாட்டி, “தைராய்டுதான்” என்பார். அது தெரிந்துதானே ஐயா உங்களிடம் வந்தோம் என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிடும். என் வீட்டுக்காரர் மேஜைக்கு அடியில் என் காலை மிதிப்பார்.

எனக்குக் கோபம் அதிகம். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் பேங்க் மேனேஜராக இருக்கட்டும், பல் டாக்டராக இருக்கட்டும், எதிரே லாரியைக் கண்டதும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டால் நான்தான் மிதிக்க வேண்டும். நாள் முழுக்க அடுத்தவர் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவளுக்கு சாந்தம் எங்கிருந்து வரும்?

தம்பி எனக்கு நேர் எதிர். அவன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் வெளியே நின்று, “பயப்படாதீங்க சார், நான் இருக்கேன், வீட்ல எத்தனை பேரு?” என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே கதவைத் திறக்கிறவன். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டான். யாருக்கும் முடியாது என்று சொல்லவும் மாட்டான். அவனுடைய இரண்டு சிறுநீரகங்களும் சத்தம் போடாமல் சுருங்கிப்போனதும் அந்தக் குணத்தால்தான் என்று நான் சொல்வேன். கால் வீங்கியபோதே வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும்.

அம்மாவுக்கு சர்க்கரை, அவள் கிட்னி கொடுக்க முடியாது. தம்பி மனைவிக்குப் பொருந்தவில்லை. எனக்குப் பொருந்தியது. கொடுத்தேன். அதில் தியாகம் கியாகம் எதுவும் இல்லை. டயாலிசிஸ் மெஷினோடு கட்டிப்போட்டாற்போல் கிடக்கிறவனைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் கொடுத்துவிட்டு நான் சும்மா இருக்கவில்லை. தினமும் காலையில் போன் போட்டு, “என் கிட்னி எப்படிடா இருக்கு?” என்பேன். அவன் சிப்ஸ் பாக்கெட்டைத் தொட்டால், “உனக்கு ஆகும், என் கிட்னிக்கு ஆகாது” என்று பிடுங்குவேன். வெயிலில் அலைந்தால், “என் கிட்னிய ஏன்டா காயப் போடற?” என்பேன். வீடே சிரிக்கும். அவன்தான் அதிகமாகச் சிரிப்பான். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே குரல் கொடுப்பான்: “ஏம்மா, ஹவுஸ் ஓனர் வந்தாச்சு, வீட்டைக் கூட்டு.” வருஷக்கணக்கில் ஓடிய வேடிக்கை அது. வேடிக்கை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மாற்றிவைத்த கிட்னி என்றால் சாகும்வரை மாத்திரை உண்டு. உடம்புக்கு அது அயலான் சரக்கு; கண்டால் அடித்துத் துரத்தப் பார்க்கும். அதனால் உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தூங்க வைக்க மாத்திரை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கிட்னி மாத்திரை. காலை ஒரு வேளை, இரவு ஒரு வேளை, நேரம் தவறக் கூடாது. சிக்கல் என்னவென்றால், வாட்ச்மேனைத் தூங்க வைத்தால் உள்ளே வந்த விருந்தாளிக்கு மட்டும் சௌகரியம் இல்லை, திருடனுக்கும் சௌகரியம். அந்தத் திருடன் வந்து உட்கார்ந்த இடம்தான் கழுத்து.

முதலில் காது வலி என்றான். பிறகு தாடை. காய்ச்சல் வந்து வந்து போனது. சட்டைக் காலர் பட்டன் போட முடியவில்லை என்று அவன் மனைவி சொன்ன பிறகுதான் நான் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. தொட்டதும் துள்ளினான்.

தைராய்டு டாக்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார், ஸ்கேன் எடுத்தார். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு தைராய்டு இப்படி வலியோடு வீங்கும், தானாகவே வற்றிவிடும் என்றார். ஏற்கெனவே அவன் சாப்பிட்டுவந்த ஸ்டீராய்டைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார். சில நாள் நன்றாக இருந்தான். நான் அந்த டாக்டரை ஊரெல்லாம் புகழ்ந்தேன். அப்புறம் பழைய வீக்கம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. காய்ச்சல் வந்து கட்டிலோடு அவனை உலுக்கியது.

அடுத்தது காது மூக்கு தொண்டை டாக்டர். அவர் ஊசி குத்திக் கொஞ்சம் உறிஞ்சி பரிசோதனைக்கு அனுப்பினார். புற்றுநோய் இல்லை என்று ரிசல்ட் வந்தது. எல்லோரும் மூச்சு விட்டோம். சரி, புற்று இல்லையென்றால் வேறு என்ன என்று கேட்டேன். அதற்கு அந்தத் திரவத்தைக் கிருமி பரிசோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டுமாம். அனுப்பவில்லை. மொத்தத்தையும் ஃபார்மலினில் போட்டுவிட்டார்கள். அதில் விழுந்தால் கிருமி எதுவாக இருந்தாலும் செத்துப்போகும். பிறகு எதை வளர்ப்பது?

“ஏன் சார் அனுப்பலை?”

“பொதுவா தைராய்டுல கிருமி வராதும்மா. நல்ல ரத்த ஓட்டம், சுத்தி உறை, உள்ள அயோடின். கிருமி அங்க தங்கறது ரொம்ப அபூர்வம்.”

அபூர்வம். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கிட்னி டாக்டர் அபூர்வம் என்றார். ஸ்கேன் எடுத்தவர் அபூர்வம் என்றார். பயிற்சி டாக்டர்கள் கூட்டமாக வந்து ஆளுக்கொரு தரம் அவன் கழுத்தை அழுத்திவிட்டு அபூர்வம் என்றார்கள். லாட்டரியில் விழுந்த மாதிரி அவனைப் பார்த்தார்கள். தொண்டை டாக்டர் கிட்னி டாக்டரிடம் அனுப்ப, அவர் தைராய்டு டாக்டரிடம் அனுப்ப, நடுவில் நாங்கள் பந்தாகிப் போனோம். ஒவ்வொரு இடத்திலும் டோக்கன். ஒவ்வொரு இடத்திலும் ஒன்றோடொன்று ஒட்டவைத்த அதே பிளாஸ்டிக் நாற்காலி. ஒருவர் காலாட்டினால் வரிசையே ஆடும். அந்த ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏறும்போதெல்லாம் தம்பி காதைச் சாய்த்துக் கேட்பான். “கதவு ரோலர் தேஞ்சிருக்குக்கா, யாராவது சொல்லணும்” என்பான். உன் கழுத்தை முதலில் யாராவது பார்க்கட்டும் என்று அவன் வாயை அடைத்தேன்.

கடைசியில் தொற்றுநோய் டாக்டரம்மா ஒருவர் கிடைத்தார். சின்ன உருவம், வேகமான பேச்சு. இன்னொரு முறை ஊசி குத்தச் சொல்லி, இந்த முறை சீழைக் கையோடு லேபுக்கு அனுப்பினார். லேபில் அதை ஒரு பிளேட்டில் தடவிக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்களாம். இரண்டாம் நாளே எதுவும் வளரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். டாக்டரம்மா விடவில்லை. எங்கள் எதிரிலேயே போனை எடுத்தார். “பிளேட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. கிட்னி மாத்தின பேஷன்ட். மெதுவா வளர்ற கிருமியா இருக்கலாம். நான் சொல்ற வரைக்கும் இன்குபேட்டர்லயே இருக்கட்டும்.” எனக்கு அவரை அப்போதே பிடித்துப்போனது. அதட்டத் தெரிந்தவர்களிடம் எனக்கு ஒரு மரியாதை உண்டு.

அவர் சொன்னது சரியாகப் போயிற்று. அடுத்த வாரம் பிளேட்டில் சுண்ணாம்புப் பொடி தூவினாற்போல் வெள்ளையாக வளர்ந்து நின்றதாம். மண்ணிலும் தூசியிலும் இருக்கிற கிருமி. எல்லோரும் தினம் சுவாசிக்கிறோம், நமக்கெல்லாம் ஒன்றும் ஆகாது. எதிர்ப்பு சக்தி தூங்குகிற உடம்பில் மட்டும் எங்காவது போய் உட்கார்ந்துகொள்ளும். பெரும்பாலும் நுரையீரல், சிலருக்கு மூளை. தைராய்டு என்பது, ஆமாம், அபூர்வம்.

“லிஃப்டுக்கு அடியில இருக்கற குழிக்குள்ள இறங்கினியாடா?” என்று கேட்டேன். அந்த வேலை வேண்டாம் என்று ஆபரேஷனுக்குப் பிறகு சொல்லியிருந்தார்கள்.

“ஒரே ஒரு தடவைக்கா. சாவி விழுந்துடுச்சுன்னு ஒரு அம்மா அழுதாங்க.”

“யாரு சாவிக்கு யாருடா இறங்கறது? உள்ள இருக்கறது யாரு கிட்னி?”

டாக்டரம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அதனால்தான் வந்தது என்று சொல்ல முடியாது, எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம் என்றார். நுரையீரலையும் மூளையையும் ஸ்கேன் பார்த்தாகிவிட்டது, சுத்தமாக இருக்கின்றன. இனி கிருமியைக் கொல்ல சல்ஃபா மாத்திரை, பெரிய அளவில், மாதக்கணக்கில். கூடவே இன்னொன்றும் செய்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த கிட்னி டாக்டரைப் பார்த்தார்.

கிட்னி டாக்டர் தொண்டையைச் செருமினார். “கிட்னி மாத்திரையைக் குறைக்கணும். ஒண்ணை நிறுத்திடலாம். இன்னொண்ணைப் பாதியாக்கலாம். உடம்பும் கொஞ்சம் எழுந்து சண்டை போட்டாத்தான் இந்தக் கிருமி போகும். வெறும் மருந்தால மட்டும் முடியாது.”

“அப்ப என் கிட்னி?” என்றேன்.

யோசித்துக் கேட்டதில்லை. வாயில் தயாராக இருந்தது, வந்துவிட்டது. கிட்னி டாக்டர் கொஞ்சம் ஆபத்து இருக்கிறது, கவனமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏதோ சொன்னார். நான் அதைக் கவனமாகக் கேட்டேன். தம்பியின் முகத்தைக் கவனிக்கவில்லை. அவன் தலையைக் குனிந்து பேன்ட்டில் எதையோ சுரண்டிக்கொண்டிருந்தான் என்று மட்டும் நினைவிருக்கிறது.

கிருமியின் பெயர் தெரிந்துவிட்டது, மருந்து தெரிந்துவிட்டது, இனி இறங்கிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இறங்கவில்லை. வீக்கம் காறை எலும்பு வரை வந்தது. குரல் கரகரத்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினான். மறுபடி ஊசி குத்தி சீழ் எடுத்தார்கள், மறுபடி நிரம்பியது. வேறு மருந்தும் சேர்த்தார்கள். அதற்கு வாந்தி. கிருமிக்கு மருந்து கேட்கிறதா என்று திரும்ப லேபில் பார்த்தார்கள். கேட்கிறது என்றது லேப். பிளேட்டில் கேட்கிறது, கழுத்தில் கேட்க மாட்டேன் என்கிறது.

போதாக்குறைக்கு கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியது. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற எண் அது. எங்கள் குடும்பத்தில் பிள்ளைகள் மார்க்கை விட அதுதான் பெரிய மார்க். சல்ஃபா மாத்திரை சாப்பிட்டால் அந்த எண் கொஞ்சம் ஏறிக் காட்டும், பயப்பட வேண்டாம் என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். தம்பியும் தலையாட்டினான்.

அப்புறம்தான் அந்த ரத்தப் பரிசோதனை வந்தது. கிட்னி மாத்திரை ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். பாதியாகக் குறைத்த பிறகு அளவும் இறங்கியிருக்க வேண்டும். துளியும் இறங்கவில்லை.

“வேற எதாவது மாத்திரை சாப்பிடறாரா? நாட்டு மருந்து? ஜூஸ்? சில பழம் அந்த மருந்தை உடம்பை விட்டுப் போக விடாது.” டாக்டரம்மா முதல் முறையாகச் சலித்துக்கொண்டார். “எங்கயோ உதைக்குது. எனக்குப் புரியலை.”

எனக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தேன். நேராகத் தம்பி வீட்டுச் சமையலறைக்குப் போனேன். அலமாரியைத் திறந்து ஜூஸ் பாட்டில், சத்து மாவு, யாரோ கொடுத்த சூரணம், தேன் என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஒரு பையில் போட்டேன். தம்பி மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, அந்த ஜூஸ் பாப்பாவுக்கு. அவர் தொடறதே இல்ல.”

“தொடாமலா அளவு இறங்காம நிக்குது? நீ என்ன குடுக்கறன்னு யாருக்குத் தெரியும்?”

அவள் கண்ணில் நீர் கட்டியது. ஆனால் அவளும் லேசுப்பட்டவள் இல்லை. “நான் குடுக்கறது டாக்டர் சொன்னது மட்டும்தான். உங்க தம்பி கழுத்தைப் பாத்து நீங்க அழுது நான் பாத்ததில்லை அண்ணி. நம்பர் ஏறினாத்தான் உங்களுக்கு வேர்க்குது.” சொல்லிவிட்டு அவளே பையை வாங்கி ஜூஸ் பாட்டிலை மட்டும் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டாள்.

எனக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு என்னிடம் கிளாஸுக்கு வந்தவர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது.

மறுபடி ரத்தம் கொடுக்கப் போனபோது நான்தான் அவனோடு போனேன். அந்தப் பரிசோதனைக்கு காலை மாத்திரை போடுவதற்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும். எடுத்தார்கள். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, குறைத்த அளவு மாத்திரையை நானே பிரித்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். என் எதிரில் போட்டான், கண்ணை மூடினான், தோளைத் தூக்கினான், விழுங்கினான். சரி என்று நான் டோக்கன் நம்பரைப் பார்க்கத் திரும்பினேன்.

அவன் எழுந்து, கூடத்தின் மூலையில் இருந்த தண்ணீர் கேனிடம் போனான். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். எதிரே கண்ணாடிக் கதவு. அதில் அவன் தெரிந்தான். பேப்பர் கப்பை வாயில் வைத்தான். தாகத்துக்குக் குடிப்பதென்றால் அந்தக் கழுத்தோடு அவன் சொட்டுச் சொட்டாகத்தான் குடிப்பான், வலிக்குப் பயந்து. இப்போது ஒரே மூச்சாகக் குடித்தான், மாத்திரை முழுங்குகிறவன் மாதிரி. வீக்கம் முழுசாக மேலே ஏறியது. கண் இறுகியது. தோள் தூக்கியது. என் தம்பி வாய்விட்டுப் பொய் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். அந்தக் கழுத்தால் பொய் சொல்ல முடியவில்லை.

போய் அவன் சட்டைப் பையில் கையை விட்டேன். மூக்குக்கண்ணாடிக் கூடு. அதற்குள் மாத்திரைப் பட்டைகள். குறைப்பதற்கு முன்னால் வாங்கி வைத்திருந்தவை. நிறுத்தச் சொன்னதும் இருந்தது, பாதியாக்கச் சொன்னதும் இருந்தது.

“என்னடா இது?”

முகத்தில் ஈயாடவில்லை. “கத்தாதக்கா. எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். என்னடா இது?”

அவன் பேப்பர் கப்பைக் கசக்கிக் கையிலேயே வைத்துக்கொண்டான். கரகரத்த குரலில் சொன்னான்: “குறைச்சதுல இருந்து நம்பர் ஏறுதேக்கா.”

“அது சல்ஃபாவால ஏறுதுன்னு டாக்டர் சொன்னாங்கல்ல?”

“சொன்னாங்க. அப்படி இல்லாம நெஜமாவே போயிட்டா? நீ என்ன கேட்டே அன்னிக்கு? என் கழுத்து என்ன ஆகும்னா கேட்டே?”

என் கை ஓங்கிவிட்டது. அடிக்கவில்லை. எங்கே அடிப்பது, கழுத்தெல்லாம் வீங்கிக் கிடக்கிறவனை.

“சும்மா சொல்றதுடா அது. வெளையாட்டுக்கு.”

“தெரியும்க்கா. நானும் சிரிச்சேன்ல.” கொஞ்சம் மூச்சு வாங்கினான். “தினமும் காலைல எழுந்ததும் முதல்ல அதைத்தான் நெனைக்கறேன். உன்னோடது. நல்லா வெச்சுக்கணும். திருப்பிக் குடுக்க முடியாது, கெடுக்காமலாவது இருக்கணும்.”

எனக்கு வந்த ஆத்திரம் இன்ன மாதிரி என்று சொல்ல முடியாது. இவன் மேல், இவ்வளவு நாள் என்னைக் கேலிக்காரியாக உலவவிட்டு உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த இவன் வாயில்லாத்தனத்தின் மேல். ஃபார்மலின் பாட்டில் மேல். அந்தக் கிருமி மேல். என் நாக்கின் மேல். டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். அவன் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய், மாத்திரைப் பட்டைகளை டாக்டரம்மா மேஜையில் போட்டேன்.

அவர் பட்டைகளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. போனில் கிட்னி டாக்டரைக் கூப்பிட்டார். அவர் வந்தார். இருவரும் புதிய ஸ்கேனை விளக்குத் திரையில் வைத்து மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். சீழ் கழுத்தை விட்டு நெஞ்சை நோக்கி இறங்கத் தொடங்கியிருந்தது. மூச்சுக்குழாய் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டிருந்தது.

“இனி பாதி, கால்னு பேச நேரமில்லை,” என்றார் டாக்டரம்மா. “கழுத்தைத் திறந்து சீழை எடுக்கணும். ஸ்டீராய்டு தவிர கிட்னி மாத்திரை எல்லாத்தையும் நிறுத்தணும். கிட்னி தாக்குப் பிடிக்கலாம். பிடிக்காமலும் போகலாம். போகறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்னு வெச்சுக்கங்க.”

“ஆபரேஷன் பண்ணுங்க,” என்றான் தம்பி. “மாத்திரையை நிறுத்த வேணாம்.”

“நிறுத்தாம ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனமில்லை. திரும்பவும் வரும். அடுத்த தடவை மூச்சு நின்னுடும். கிட்னி போனா டயாலிசிஸ் இருக்கு. நீங்க போனா என்ன பண்றது?”

“நிறுத்த வேணாம் மேடம்.”

யாருக்கும் முடியாது என்று சொல்லாதவன். வாழ்க்கையில் முதல் முறையாகச் சொல்கிறான், அதுவும் இதற்கு. டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். கிட்னி டாக்டரும் திரும்பினார். நான் சொன்னால்தான் அவன் கேட்பான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்த இடத்தில் நான் சட்டென்று பெரிய மனுஷியாகி, போகட்டும் என்று சொல்லிவிட்டதாக எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. அந்தக் கிட்னியை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே வரவில்லை. அதற்காக என் விலாவுக்குக் கீழே ஒரு ஜாண் தழும்பு இருக்கிறது. குனிந்தால் இன்னும் சுருக்கென்கிறது. ஆபரேஷன் முடிந்து நான் கண் விழித்தபோது, பக்கத்து அறையில் அவனுக்கு சிறுநீர் வந்துவிட்டது என்று நர்ஸ் சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று அன்று நினைத்தேன். அந்த ஒன்றையும் இப்போது என் வாயாலேயே போகச் சொல்ல வேண்டும். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நிறுத்துடா,” என்றேன்.

“நீ மனசாரச் சொல்லலைக்கா.”

“ஆமா. மனசாரச் சொல்லலை. மனசு வர்ற வரைக்கும் உன் கழுத்து காத்துட்டு இருக்காது. நிறுத்து.”

அவன் டாக்டரம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

கழுத்தைத் திறந்தார்கள். தைராய்டில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். உள்ளேயிருந்து வந்த சீழின் அளவைக் கேட்டு என் வீட்டுக்காரர் வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு மருந்து கேட்டது. காய்ச்சல் விட்டது. படுத்துத் தூங்கினான். தூங்குகிறவனைப் பார்த்துக்கொண்டே தம்பி மனைவி என் தோளில் தலையைச் சாய்த்தாள். நானும் ஜூஸ் பாட்டிலைப் பற்றிப் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

கிரியாட்டினின் ஏறியது. இந்த முறை சல்ஃபாவால் என்று யாரும் சொல்லவில்லை. கால் வீங்கியது. சிறுநீர் குறைந்தது. கிட்னியைக் காப்பாற்ற என்னென்னவோ செய்துபார்த்தார்கள். கிருமி முழுசாகப் போகாத உடம்பில் அதிகம் செய்யவும் முடியவில்லை. ஒரு நாள் காலை அவன் மனைவி போன் செய்தாள். “நாளையில இருந்து டயாலிசிஸ்னு சொல்லிட்டாங்க அண்ணி. இவர் பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டார். உங்களுக்குச் சொல்லப் போறேன்னு சொன்னதுல இருந்து வெளிய வரலை.”

கிளாஸை ரத்து செய்துவிட்டுப் போனேன். பாத்ரூம் கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். உள்ளே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

“வெளிய வாடா.”

கதவைத் தட்டினேன்.

“லிஃப்ட்ல மாட்டினவங்களையெல்லாம் வெளிய எடுக்கறவன், பாத்ரூம்ல போய் உக்காந்துட்டு இருக்கே. வெக்கமா இல்ல?”

“இருக்குக்கா,” என்றான் உள்ளேயிருந்து. குரலில் கரகரப்பு மிச்சமிருந்தது. “உன் மூஞ்சில முழிக்க முடியலை.”

“முழிக்க வேணாம். கண்ணை மூடிட்டு வா.”

தாழ்ப்பாள் நகரவில்லை. திட்டிக்கொண்டே ஒருவனைத் தேற்றத்தான் எனக்குத் தெரியும். திட்டாமல் எப்படித் தேற்றுவது என்று யாரும் சொல்லித்தந்ததில்லை. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டேன். பெயின்ட் வாசனை அடித்தது.

தாழ்ப்பாள் நகர்ந்தது. அவன் நின்றான், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு. முகம் ஊதியிருந்தது. கழுத்தில் குறுக்காகச் சிவந்த தையல் தழும்பு, அதற்கு மேலும் கீழும் தட்டையாக, சாதாரணக் கழுத்து. அவன் எச்சில் விழுங்கினான், எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு கண்ணை மூடாமல்.

“நீ குடுத்தது ஒண்ணுமே மிச்சமில்லைக்கா,” என்றான்.

“நீ இருக்கியேடா, மடையா.”

சொன்ன பிறகுதான் அது மனசாரச் சொன்னது என்று எனக்கே தெரிந்தது. அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அதை மறைக்க, கால் வீங்கினதை இந்தத் தடவையும் ஏன்டா முதல் நாளே சொல்லலை என்று ஆரம்பித்து, குழாய்க்கு வாஷர் கூட மாற்றாத சோம்பேறித்தனம் வரை வாய் ஓயும்வரை திட்டினேன். அவன் சுவரில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.